உத்திரமேரூருக்குப் போனால் கையில் ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்

மூன்று முறை போய் வந்தும் இதைப் பற்றி எழுதாமலே இருந்துவிட்டேன். போன வாரம் அலுவலகத்தில் ஒரு தோழி, "ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கேடி கூட்டிட்டுப் போறது, மாமல்லபுரம் போய்ப் போய் அலுத்துப்போச்சு" என்றாள். நான் உத்திரமேரூர் என்றதும், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். குரோம்பேட்டையில் இருக்கும் எங்களுக்கு இன்னும் பக்கம். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டி, படாளமும் தாண்டி, புக்கத்துறை கூட்ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் அதற்கப்புறம் வயலும் ஏரியும் பனைமரமும்தான். கார் இல்லையென்றால் மின்சார ரயிலில் செங்கல்பட்டு வரை போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம், காஞ்சிபுரத்திலிருந்தும் பஸ் உண்டு. ஊர் சின்னது. பஸ் நிலையம், அதைச் சுற்றி டீக்கடை, உரக்கடை, நகைக்கடை என்று எல்லா சிறு ஊரையும் போலத்தான் இருக்கும், இறங்கியதும் ஏமாந்துவிடாதீர்கள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில், தொல்லியல் துறையின் பாதுகாப்பில். (காஞ்சிபுரத்திலும் இதே பெயரில் புகழ்பெற்ற கோயில் இருக்கிறது. போன் காட்டிய வழியில் போய் அந்த வாசலில் நின்றவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.) பெரிய கோபுரம் கிடையாது, சிலைகளின் கூட்டம் கிடையாது. முதல் முறை போனபோது என் வீட்டுக்காரர் ஐந்து நிமிடத்தில் சுற்றி வந்து "முடிஞ்சுதா?" என்றார். முடியவில்லை, இங்கே பார்க்க வேண்டியதே சுவரைத்தான். சதுர்வேதிமங்கலமாக, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊராக இருந்த இந்த ஊரின் சபை கூடி, தன் வாரியங்களுக்கு (ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுக்கள்) ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று முடிவு செய்து, அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலம். 919-ல் ஒரு கல்வெட்டு, அதில் குறை கண்டு திருத்தி 921-ல் இன்னொன்று. ஒரு விதியைப் போட்டு, நடத்திப் பார்த்து, இரண்டே வருஷத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

டார்ச் எதற்கு என்றால் இதற்குத்தான். நேராக வெளிச்சம் அடித்தால் சுவர் வெறும் கல்லாகத்தான் தெரியும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள், ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து வரி வரியாக எழும்பி வரும். இரண்டாவது முறை அப்பாவும் என் மகளும் வந்தார்கள். அவள் நான்காம் வகுப்பு. "தாத்தா, இது ட! இது ப!" என்று விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள் (தொடக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன், எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்கவும் கூடாது). ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ட-வும் ப-வும் இன்றைக்கும் அடையாளம் தெரிகின்றன. ஆனால் எழுத்துக்கு மேல் புள்ளி இருக்காது, எ-வா ஏ-வா என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும், நடுநடுவே கிரந்த எழுத்துகள் வேறு. அப்பா முன்பே படித்து வந்திருந்த "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்ற தொடக்கத்தைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. மதிரை என்பது மதுரைதான். மதுரையை வென்றவன் என்று பராந்தகனுக்குப் பட்டம்.

அதில் சொல்லியிருப்பது என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது, இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். தகுதி என்றால், வரி கட்டும் சொந்த நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதப் படிப்பு இருக்க வேண்டும், கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. சபை கூடிய இடத்தில் வயதில் மூத்த நம்பி (கோயில் பூசை செய்கிறவர்) ஒருவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். ஓலையை எடுப்பது யார் தெரியுமா, "ஏதும் உருவறியாதான் ஒரு பாலன்", அதாவது விவரம் ஒன்றும் தெரியாத ஒரு சின்னப் பையன். அவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தன், அதாவது சபையின் நடுவராக இருக்கும் ஊர் அலுவலர், "அஞ்சு விரலும் அகல வைத்து உள்ளங்கையிலே" வாங்க வேண்டும். விரலை மடக்கினால் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிடலாம் அல்லவா! அப்புறம் அவன் உரக்கப் படிக்க, அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். என் மகள் அந்த மண்டபத்திலேயே கையை அகல விரித்து நின்று, ஒரு பஸ் டிக்கெட்டை என்னைப் போடச் சொல்லி வாங்கிப் பார்த்தாள்.

கணக்குக் காட்டாதவனைப் பற்றிய வரிதான் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது. வாரியத்தில் இருந்து கணக்கு ஒப்படைக்காதவனுக்கு அடுத்து வாய்ப்பில்லை, சரி. அவனுடைய உறவுக்காரர்களுக்கும் இல்லை, அந்த உறவையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று போகிறது பட்டியல். சித்தியும் பெரியம்மாவும்தான் சிற்றவ்வை, பேரவ்வை. "ஒரு பயலும் தப்ப முடியாதும்மா" என்று அப்பா அந்தச் சுவருக்கு முன்னால் நின்று சொன்னார். முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர், அந்த வரி அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

இதை "உலகத்தின் முதல் ஜனநாயகம்" என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நிலமில்லாதவருக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கு இல்லை, பிராமணர் அல்லாதவருக்கு இல்லை. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அந்த அகல விரித்த ஐந்து விரலின் மதிப்பு குறைந்துவிடாது.

அங்கிருந்து சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். பல்லவர் காலத்தது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நிலை: கீழே நின்ற கோலம், நடுவில் அமர்ந்த கோலம், மேலே பாம்பணையில் கிடந்த கோலம். கீழ் இரண்டு நிலையிலும் நாலு பக்கமும் சன்னதிகள், மொத்தம் ஒன்பது மூர்த்தங்கள். மதுரை கூடலழகர் கோயில் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். படிகள் குறுகல், செங்குத்து. அப்பாவுக்கு முழங்கால் வலி, கீழேயே உட்கார்ந்துவிட்டார். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். இன்னொன்று, மதியம் நடை சாத்திவிடுவார்கள். முதல் முறை சித்திரை வெயிலில் பன்னிரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்து, கைக்குழந்தையோடு வந்த இன்னொரு குடும்பத்தோடு நாங்களும் வெளியே நிழல் தேடி நின்றோம். காலை ஏழரை, எட்டுக்கெல்லாம் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள்.

நேரம் இருந்தால் காஞ்சிபுரம் சாலையில் சில கிலோமீட்டரில் திருப்புலிவனம் சிவன் கோயில், சோழர் கல்வெட்டுகள் அங்கேயும் உண்டு.

ஆனால் கோயில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஊரைப் பார்த்ததாக ஆகாது. ஏரிக்கரைக்குப் போங்கள். வயிரமேக தடாகம் என்று கல்வெட்டு சொல்லும் ஏரி, வயிரமேகன் என்பது பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயர். குடவோலையில் பெயர் வந்தவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். அவர்கள் முன்னூற்று அறுபது நாள் பார்த்துக்கொண்டது இந்த மாதிரித் தண்ணீரைத்தான். சுவரைப் படித்துவிட்டு, பொட்டலம் கட்டி வந்த புளிசாதத்தைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டபோதுதான் எனக்கு இரண்டும் ஒன்று சேர்ந்தது. அத்தனை கண்டிப்பும் எதற்கு என்றால், தூர் வாரும் காசை ஒருவன் சாப்பிட்டுவிட்டால் கீழே இருக்கும் வயல் அத்தனையும் காய்ந்துபோகும். குரோம்பேட்டையில் எங்கள் பக்கத்து ஏரி என் கண் முன்னாலேயே சுருங்கியிருக்கிறது, மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. அதனாலோ என்னவோ அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோது தொண்டை அடைத்தது.

சாயங்காலத்துக்கு வேடந்தாங்கல். கார்த்திகை முதல் மாசி வரைக்கும் போனால் பறவைகள் நிறைய இருக்கும். அது சரணாலயமாவதற்கு முன்னாலிருந்தே அந்த ஊர்க்காரர்களின் ஏரி. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரே போய் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் பறவைகளைப் பாதுகாக்க உத்தரவு எழுதிக் கொடுத்தார். தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை. மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்ததாகச் சொல்லும் கதையில் வரும் பிளேஸ் துரையும் இவரேதான், ஏரிகாத்த ராமர் கோயிலில் அவர் பெயர் கல்லிலேயே இருக்கிறது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்து கரிக்கிலியும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

நாலரை மணிக்குள் கரையில் இருங்கள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் அந்தச் சத்தம் போதும். கூழைக்கடா இறங்கும்போது காலை முன்னால் நீட்டி, சிறகை மொத்தமாக விரித்து, கிளையே வளைய உட்காரும். என் மகள் ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை மாமண்டூர் குகைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார், அங்கேயும் சித்திரமேக தடாகம் என்று ஒரு பல்லவர் ஏரி. ஜி.எஸ்.டி. சாலையில் வரும் மாமண்டூர் இல்லை, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே தூசி பக்கத்தில் இருப்பது. தை பிறந்ததும் கிளம்புகிறோம், டார்ச்சுக்கு இரண்டு புது பேட்டரி வாங்கி வைத்துவிட்டேன்.