எக்ஸ்ஆர்எஃப் படிப்பவர்களுக்கு: மாதிரித் தயாரிப்பிலிருந்து தொடங்குங்கள்

பாறை வேதியியலுக்காக எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையை (எக்ஸ்ஆர்எஃப்: மாதிரியில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று எக்ஸ்-கதிரால் அளப்பது) படிப்பவர்கள், கருவியின் வரைபடத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் மாதிரித் தயாரிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது, செய்முறையிலும் வாய்மொழித் தேர்விலும் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. உட்கூட்டு எலக்ட்ரான் வெளியேறிய இடத்தை வெளிக்கூட்டு எலக்ட்ரான் நிரப்பும்போது தனிமத்துக்கே உரிய கதிர் வெளிப்படுகிறது என்பதையும், அந்தக் கதிருக்கும் அணுவெண்ணுக்கும் இடையே 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி கண்ட தொடர்பையும் ஒரே மாலையில் படித்துவிடலாம்.

நேரம் கேட்பது, கதிர் மாதிரியின் எந்த ஆழத்திலிருந்து வெளிவருகிறது என்ற கருத்து. சோடியத்தின் கே-ஆல்ஃபா கதிருக்கு (மிக உள்ளே இருக்கும் கே கூட்டின் வெற்றிடம் நிரம்பும்போது வருவது) ஆற்றல் 1.04 கிலோ எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே என்பதால், சிலிகேட் மாதிரியின் மேற்பரப்பிலுள்ள சில மைக்ரோமீட்டர் தடிமனிலிருந்துதான் அது வெளியே வர முடியும், 6.40 ஆற்றலுள்ள இரும்பின் கதிரோ நூறு மைக்ரோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து வந்து சேரும். 75 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்த பொடியிலும் சோடியம் கொண்ட ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தின் ஒரு துகள் அந்தச் சோடிய ஆழத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். பொடியை அழுத்திப் பெல்லட் என்னும் வில்லையாக்கும்போது மைக்கா கனிமத்தின் செதில்கள் படுத்துக்கொண்டு மேற்பரப்பை மூடிவிடவும் கூடும். அப்போது கருவி அளப்பது பாறையை அல்ல, மேலே தெரியும் கனிமங்களை.

அதனால்தான் முதன்மைத் தனிமங்களுக்கு, பொடியை லித்தியம் போரேட்டுடன் கலந்து பிளாட்டினம்-தங்க மூசையில் ஏறத்தாழ 1050 பாகை செல்சியஸில் உருக்கிக் கண்ணாடி வில்லையாக வார்க்கிறார்கள். கனிம அமைப்பே கரைந்துவிடுகிறது. ஆனால் மாதிரி நீர்த்துப்போவதால், ருபீடியம், சிர்க்கோனியம் போன்ற மிகச் சிறிதளவே உள்ள சுவடுத் தனிமங்களுக்குப் பெல்லட்டையே பலர் நாடுகிறார்கள். அவற்றின் கதிர்கள் ஆற்றல் மிக்கவையாதலால் துகள் அளவு அங்கே அவ்வளவு தொல்லை தருவதில்லை. இந்த ஒரு காரணத்தொடரைச் சொல்லத் தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

நிறமாலைப் பகுதியில் ஆர்செனிக்-ஈயம் எடுத்துக்காட்டைக் கையில் வைத்திருங்கள். ஆர்செனிக்கின் கே-ஆல்ஃபா 10.54 கிலோ எலக்ட்ரான்வோல்ட், ஈயத்தின் எல்-ஆல்ஃபா (அடுத்த கூடான எல் கூட்டிலிருந்து வரும் கதிர்) 10.55, இரண்டையும் பிரிக்க இயலாதபோது, ஈயத்தை 12.61இல் உள்ள எல்-பீட்டா கோட்டில் அளந்து, ஈயத்தின் பங்கைக் கழித்தே ஆர்செனிக்கைக் கணிக்க வேண்டும்.

முடிவு அட்டவணையில் முதலில் கூட்டுத்தொகையைப் பாருங்கள். நூறு விழுக்காட்டுக்கு மிகவும் குறைந்தால், எரி இழப்பு (மாதிரியைச் சூடாக்கும்போது குறையும் எடை) சேர்க்கப்பட்டதா என்று கேளுங்கள். நீரையும் கார்பன் டைஆக்சைடையும் வழக்கமான எக்ஸ்ஆர்எஃப் அளவீடு தருவதில்லை. இரும்பு முழுவதும் ஃபெரிக் ஆக்சைடாகவே (ஆக்சிஜன் மிகுந்த இரும்பு ஆக்சைடு) எழுதப்படுவது மரபு. ஃபெரஸ் இரும்பு (இன்னும் ஆக்சிஜன் ஏற்கக்கூடிய வடிவம்) மிகுந்த, சிதைவுறாத பசால்ட் என்னும் எரிமலைப் பாறையைச் சூடாக்கினால் அது ஆக்சிஜனை ஏற்று எடை கூடுவதால், எரி இழப்பு எதிர்மறை எண்ணாகவும் வரலாம். அதைப் பிழையென்று அடித்துவிடாமல் அப்படியே பதிவு செய்யுங்கள்.