கிழித்த காலண்டர் தாளில் ஒரு கணக்கு

மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். ராத்திரி பதினொன்றுக்கு ஒருமுறை, பன்னிரண்டரைக்கு ஒருமுறை, அப்புறம் இரண்டு, மூன்றரை, ஐந்து. எழும்போதெல்லாம் அழுகை, காலை உதைத்துப் புரளல், ஒரு பாட்டில் பால். கணவர் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். பகலில் சாம்பாரில் உப்பு போட்டேனா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவிருக்காது.

"பல் முளைக்குதும்மா" என்றார் அத்தை. அதுவும் பொய்யில்லை, கடைவாய்ப் பல் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பல் வந்து முடிந்தும் தூக்கம் வரவில்லை. உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாயிற்று. நெடி ஏறி எனக்குத்தான் இருமல் வந்தது. "வயிறு நிறையலை, படுக்கப்போறப்ப இன்னும் கொஞ்சம் பால் குடு" என்றார் அம்மா. அதையும் செய்தேன். இன்னும் மோசமானது.

டாக்டரிடம் போகுமுன் ஐந்து நாள், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுந்த நேரத்தையும் கொடுத்த பாலையும் குறித்தேன். 6, 7, 5, 8, 6. எழுந்த கணக்கை டாக்டர் பார்க்கவே இல்லை, பாலைக் கூட்டினார். பகலும் இரவும் சேர்த்து ஒரு நாளைக்கு 900 மில்லி வந்தது. "சாதம் எவ்வளவு சாப்பிடறா?" நாலு வாய். "மண்ணு, சுவரு ஏதாவது?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்கட்டுச் சுவரில் காரையைச் சுரண்டித் தின்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.9. குறைந்தது 11 இருக்க வேண்டுமாம். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது வயிற்றை அடைத்துவிடுவதால் சோறு இறங்காது. இரும்புச்சத்து குறைந்தால் சில குழந்தைகளுக்குக் கால் சும்மா கிடக்காது, தூக்கம் கெடும் என்றார். தூங்க வைக்க நான் கொடுத்த பால்தான் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன்.

இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுத்தோம். பாலோடு சேர்க்கக் கூடாது, சாத்துக்குடிச் சாறு கொடுக்கலாம். பல் கறுக்காமல் இருக்கக் கன்னத்தின் உட்புறமாக விடவேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படக் கூடாது. இதை முன்பே சொல்லியிருந்தும் முதல் நாள் பார்த்து நான் பயந்தேன்.

பாலை 500 மில்லிக்குள் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை 30 மில்லி குறைத்தேன். கடைசியில் டம்ளரில் தண்ணீர் மட்டும். அந்த முதல் மூன்று ராத்திரி அழுத அழுகையில் மேல் வீட்டு அக்கா கதவைத் தட்டிவிட்டார். என் வாசனை பட்டாலே பால் கேட்கிறாள் என்று புரிந்ததும் நான் வேறு அறையில் படுத்தேன். கணவர் எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது. தூளியையும் மாற்றினோம். அவள் தூங்கும்வரை ஆட்டாமல், கண் சொருகும்போதே நிறுத்தினோம். குழந்தைகள் தூக்கத்தின் நடுவே அவ்வப்போது லேசாக விழிப்பது இயல்புதான். தூங்கப்போகும்போது இருந்த ஆட்டம் அப்போது இல்லையென்றால்தான் கூப்பாடு.

மூன்றாவது வாரம் பசி வந்தது. பருப்புச் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சுவர் பக்கம் போகவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.1. இன்னும் மூன்று மாதம் மருந்தை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர்.

இப்போதும் நாலு மணிவாக்கில் ஒருமுறை எழுகிறாள், "தண்ணி" என்கிறாள். எழுந்ததும் குடித்ததும் கணவர் காலையில் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.