எட்டாம் நம்பரின் தூக்கம்

மே 10, 2025, சனி

பாஸ்கெட்பால் போட்டியில் லீக் சுற்று முடிந்தது. நாலில் மூன்று ஜெயித்து நாக்அவுட்டுக்குள் வந்துவிட்டோம். செவ்வாய் காலிறுதி, வியாழன் அரையிறுதி, அடுத்த சனி இறுதி. எட்டாம் நம்பர் நாலு ஆட்டத்திலும் நாற்பது நிமிடமும் கோர்ட்டில் நின்றான். அது என் பேராசை. கடைசி குவார்ட்டரில் அவன் போட்ட பந்தெல்லாம் ரிங்கின் முன்பக்கத்தில் இடித்தது. கால் ஓய்ந்துவிட்டால் ஷாட் எட்டாது.

மே 11, ஞாயிறு

குலசேகரம் பக்கம் அவன் வீட்டுக்குப் போனேன். காலை ஒன்பதரை. ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, தலையில் விளக்கு கட்டி, முந்நூறு ரப்பர் மரம் பால் வெட்டு. வெயில் ஏறினால் பால் ஓடாது என்பதால் இருட்டிலேயே வெட்டியாக வேண்டும். ஒரு மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார்கள், இல்லையென்றால் பட்டை காய்ந்து பால் வற்றிவிடும். ஆனால் இவர்களுக்கு இரண்டு தோட்டம். இன்று ஒன்று, நாளை மற்றது. மரத்துக்கு லீவு உண்டு, இவனுக்கு இல்லை.

நான் கோர்ட்டில் நிமிடம் எண்ணிக்கொண்டிருக்கிறேன், இவன் இரவு பதினொன்றுக்குப் படுத்து மூன்றுக்கு எழுகிறான்.

மே 13, செவ்வாய்

காலையில் டீயோடு போனில் அமெரிக்காவின் என்பிஏ பாஸ்கெட்பால். பாஸ்டன் அணியின் டேட்டம் 42 புள்ளி எடுத்துவிட்டு, நியூயார்க்கில் மூன்று நிமிடம் மிச்சமிருக்கும்போது விழுந்தார். கால் ஊன்ற முடியவில்லை. களைப்பால்தான் விழுந்தார் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் டீ இறங்கவில்லை.

மாலை காலிறுதி. முதல் குவார்ட்டரில் கடைசி இரண்டு நிமிடமும், இரண்டாவதில் முதல் மூன்று நிமிடமும் எட்டை உட்கார வைத்தேன். கடிகாரத்தில் ஐந்து நிமிடம்தான். நடுவில் இடைவேளை, ஃபவுல், டைம்அவுட் எல்லாம் சேர்ந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் மூச்சு கிடைக்கும். ஒன்பது புள்ளி முன்னிலை இரண்டாகக் கரைந்தது. மதில்மேல் இருந்தவர்கள் "எட்ட எறக்குலே!" என்று கத்தினார்கள். அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கவே இல்லை. ஆறு புள்ளியில் ஜெயம்.

மே 15, வியாழன்

டேட்டமுக்கு அக்கிலிஸ், அதாவது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண், அறுந்ததாம், அறுவை சிகிச்சையும் ஆயிற்று.

அரையிறுதியில் காற்றே இல்லை, ஒரே புழுக்கம். ஐந்து நிமிடம் இருக்கையில் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. 2014 என்பிஏ இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் சான் அன்டோனியோ அரங்கில் ஏசி கெட்டு, நட்சத்திர ஆட்டக்காரர் லெப்ரானுக்கே கால் பிடித்துக்கொண்டு, தூக்கிக்கொண்டு போனார்கள். நமக்கு ஏசி கடற்காற்றுதான், அதுவும் இன்று லீவு.

"ஒண்ணும் இல்லண்ணே, எறக்குங்க."

"இரு மக்கா."

உப்புப் போட்ட நாரங்காத் (எலுமிச்சை) தண்ணீர் கொடுத்து, இரண்டு நிமிடம் கழித்துத்தான் விட்டேன். ஆளுக்கு ஆள் துரத்தாமல் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்புக்கு மாறி அவனை ஓரத்தில் நிறுத்தினேன். பந்தை ஏற்றிக் கொண்டுவரும் வேலை சின்னவனுக்கு. இதை லீகிலேயே செய்திருக்கலாம். நாலு புள்ளியில் தப்பித்தோம்.

மே 16, வெள்ளி

அவன் அப்பாவிடம் பேசினேன். ஒரே ஒரு நாள், வேறு ஆள் வெட்டட்டும், கூலியை டீம் கொடுக்கும் என்றேன். மரச்சீனியும் (மரவள்ளி) மீன்கறியும் வைத்து உபசரித்துவிட்டு முடியாது என்றார். "புது ஆள் கத்தி ஆழமா போச்சுன்னா பட்டை போச்சு. ஒங்க கப்பு வந்து மரத்த ஆற்றுமா?" நியாயம்தான். நானும் எட்டை வேறு ஒருவர் கையில் கொடுக்க மாட்டேன்.

இனி மழைதான் கதி. மழை பெய்தால் வெட்டு இல்லை. ஆனால் எங்களுடையது திறந்த சிமெண்ட் கோர்ட்.

மே 17, சனி

இரண்டரைக்கு ஓட்டில் சத்தம் கேட்டது. நல்ல மழை. எழுந்து உட்கார்ந்து சிரித்தேன், வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

எட்டு மணிக்கு அவன் போனில்: "இப்பதாண்ணே எழும்புனேன்." குரலே வேறு. கஞ்சியும் மட்டிப்பழமும் தின்றுவிட்டு மத்தியானம் மறுபடி தூங்கச் சொன்னேன். மாலையில் எல்லோரும் சாக்கும் துடைப்பமுமாகக் கோர்ட்டைத் துடைத்தோம், ஆட்டம் ஒரு மணி நேரம் தாமதம்.

முப்பத்துமூன்று நிமிடம் ஆடினான். கடைசி குவார்ட்டரில் எதிரணி இடுப்பில் கை வைத்து நிற்க, இவன் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கையில் கடைசி ஷாட் அவனுடையது. பந்து பின்பக்க ரிங்கில் பட்டு, எழும்பி, வெளியே போய்விட்டது.

தோற்றோம். பின்பக்க ரிங்! பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன், பையன்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

மே 18, ஞாயிறு

காலை ஆறரைக்கு அவனிடமிருந்து குரல் செய்தி. பின்னால் காக்கைச் சத்தம். "ஒரு நாள் விட்டதுல சிரட்டை நிறைஞ்சு வழியுதுண்ணே. எனக்குத்தான் குனிய முடியல."