அரை மணித்தியாலம், 36 தடவை

லண்டனிலிருந்து தம்பி வந்தபோது அவன் பெட்டியில் சொக்லேற்றுக்கும் தைலப் போத்தலுக்கும் நடுவில் ஒரு தலைப்பட்டி இருந்தது. நெற்றியில் படும்படி இரண்டு வட்டத் தகடுகள், அவற்றுக்குப் போட ஈரப் பஞ்சு, சார்ஜ் ஏற்றும் சின்னப் பெட்டி. "மூளைக்கு மெல்லிசாக் கரண்ட் குடுக்கிறது அக்கா. அங்கை மனச்சோர்வுக்கு வீட்டிலையே பாவிக்கினம்" என்றான். மூன்று வருடமாக நான் குளிசை எடுப்பது அவனுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "தலைக்குக் கரண்டோ? என்ரை பிள்ளைக்கு அவ்வளவு முத்தியிட்டுதோ?" அம்மாவின் தலைமுறைக்கு அந்தச் சொல் என்றால் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியில் குடுக்கும் கரண்ட்தான். அது வேறு சிகிச்சை. 1938 இல் ரோமில் தொடங்கியது, வலிப்பை வரவழைப்பது. இப்போது மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள், கடுமையான நோயாளிகளுக்கு அது இன்றும் உயிர் காக்கிறது. தம்பி கொண்டு வந்தது 2 மில்லி அம்பியர் மட்டுமே தரும். ஒரு குட்டி எல்ஈடி நன்றாக எரிவதற்கே 20 மில்லி அம்பியர் அளவில் வேண்டும். அதிலும் பெரும்பகுதி தலைத் தோலோடேயே ஓடிவிடுகிறது. உள்ளே போகும் கொஞ்சம் நரம்புக் கலத்தைச் சைகை அனுப்ப வைப்பதில்லை. சைகை அனுப்ப ஆயத்தமாக இருக்கும் நிலையைச் சற்றுக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். 2000 ஆம் ஆண்டு ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை மனிதரில் அளந்து காட்டிய பிறகுதான் ஆராய்ச்சி பெருகியது.

நானாக மாட்டிப் பார்க்கவில்லை. பையில் போட்டு, என்னைப் பார்க்கிற டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். வலிப்பு வந்ததா, நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்டார். கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் அடுத்ததைக் கேட்டார்: "தலைக்குள்ளை உலோகம் ஏதும்? ஷெல் துண்டு?"

லண்டனிலும் இந்தக் கேள்வி கேட்பார்கள். அங்கே அறுவைச் சிகிச்சையில் வைத்த கிளிப்பைத்தான் நினைப்பார்கள். 95 இல், சண்டை நேரம், எனக்கு ஒன்பது வயது. தோளில் ஷெல் துண்டு பட்டது நினைவிருக்கிறது. தலையில்? "காதுக்குப் பின்னாலை ரத்தம் வந்தது. சின்னக் காயம், தானே காய்ஞ்சு போச்சு" என்றா அம்மா, முப்பது வருடத்தில் முதல் தடவையாக. எக்ஸ்ரே எடுத்தோம். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மண்டையோடு சுத்தமாக இருந்தது. தோள் படத்தின் ஓரத்தில், அரிசி மணியளவில், ஒரு வெள்ளைப் பொட்டு. "அது அங்கையே இருக்கட்டும்" என்றார். வெளியே வந்து வாங்கில் இருந்து அழுதேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தா.

டொக்டர் முதலே நேராகச் சொல்லிவிட்டார், முடிவுகள் ஒருபோலில்லை என்று. 2023 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஜெர்மன் ஆய்வு: 160 பேர், எல்லோரும் மனச்சோர்வுக் குளிசையோடு. உண்மைக் கரண்ட் பெற்றவர்களுக்கும், தொடக்கத்தில் சற்று உணரவைத்து நிறுத்திய போலிக் கரண்ட் பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2024 இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்ததோ வீட்டிலேயே செய்த ஆய்வு: 174 பேர், பத்து வாரம், உண்மைக் கரண்ட் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். "குளிசையை நிப்பாட்டக் கூடாது. அதோடை இதையும் பாப்பம்" என்றார். அந்த வீட்டு ஆய்வின் கணக்கையே எடுத்தோம்: முதல் மூன்று வாரம் வாரத்துக்கு ஐந்து தடவை, பிறகு ஏழு வாரம் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம்.

பின்னேரம் ஆறரைக்கு விளக்கு வைத்த பிறகு இருப்பேன். அம்மா செலைன் போத்தலிலிருந்து பஞ்சில் ஊற்றி, சொட்டாதபடி பிழிந்து தருவா. பொத்தானை அமத்தியதும் முதல் அரை நிமிடம் நெற்றியில் எறும்பு ஊர்கிற மாதிரிக் கடிக்கும். பிறகு மறந்துபோகும். இரண்டு நாள் கரண்ட் போய் வீடு இருட்டிக் கிடந்தது. பட்டி தன் சார்ஜில் ஓடியது.

இரண்டாம் வாரம் செலைன் முடிந்தது. கடை பூட்டு. கிணற்றுத் தண்ணீரில் நனைத்தேன், ஃபானுக்குக் கீழேயும் இருந்தேன். பத்து நிமிடத்தில் இடப் பக்கம் சுரீரென்றது. பொறுத்துக்கொண்டிருந்தது என் பிழை. கழற்றியபோது பஞ்சின் ஓரம் காய்ந்திருந்தது, நெற்றியில் மிளகளவு சிவப்புப் புண். டொக்டர் கோபிக்கவில்லை. ஆனால் பஞ்சு காய்ந்தால் கரண்ட் ஒரே புள்ளியில் கூடும், சும்மா தண்ணீரில் செய்து தோல் புண்ணானது ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது என்று விளக்கி, புண் ஆறும்வரை நிறுத்தச் சொன்னார். நம்முடைய சுண்ணாம்புக்கல் தண்ணீரில் என்ன எவ்வளவு கரைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கடைசி நாள் வரை இரண்டு போத்தல் செலைன் அலுமாரியில் இருந்தது.

தொடங்கும்போது மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளில் எனக்கு 27 க்கு 19. புள்ளி கூடினால் சோர்வு கூட. நாலாம் வாரம் 17 தான், மனம் விட்டுப் போனது. ஏழாம் வாரத்தில் ஒருநாள் காலை, யாரும் சொல்லாமல், நானே எழும்பி முற்றம் கூட்டினேன். பத்தாம் வாரம் 8. கரண்டாலா, குளிசை அப்போதுதான் பிடித்ததாலா, தினமும் ஒரே நேரத்தில் அம்மா பக்கத்தில் இருந்ததாலா என்று டொக்டரிடம் கேட்டேன். "ஒரு ஆளை வைச்சுச் சொல்லேலாது" என்றார். அதனால்தான் போலிக் கரண்ட் வைத்து ஆய்வு செய்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உண்மையாக விளங்கியது.

36 ஆவது தடவை முடிந்து இரண்டு நாள். ஆறரைக்கு அம்மா விளக்கு வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த பஞ்சு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றா.

"இண்டைக்கு இல்லையோ பிள்ளை?"

"முடிஞ்சுதம்மா. சும்மா வந்து இருங்கோ."