சங்கிலிப்பாறையோடு திரும்பினோம்

புரட்டாசிப் பௌர்ணமிக்கு அப்பாவைச் சதுரகிரி மலைக்கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். அம்மா இருந்தவரை இருவரும் சேர்ந்து ஏறிய மலை. இந்த முறை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காலையிலேயே அடிவாரத்துத் தாணிப்பாறையிலிருந்து நடக்கத் தொடங்கினோம். மாங்கனி ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். சங்கிலிப்பாறையை நெருங்கியபோது எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். முகட்டில் மட்டும் கருமேகம். திடீரென்று ஓடை நீர் செம்மண் நிறமானது. சருகும் குச்சியுமாக மிதந்து வந்தன. அப்பாதான் முதலில் கவனித்தார்.

"மேலே கொட்டுகிறது. பிள்ளையைத் தூக்கு, இறங்கு!"

நான் ஒரு நொடி தயங்கினேன். அவர் தயங்கவில்லை. 2015 மே மாதம் இதே மலையில் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றதை அவர் மறக்கவே இல்லை. திரும்பும்போது மாங்கனி ஓடையில் முழங்கால் வரை தண்ணீர். முன்பின் தெரியாத நான்கு இளைஞர்கள் கைகோத்து நின்று அப்பாவைக் கரை சேர்த்தார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அடிவாரத்தில் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி அப்பா வெகுநேரம் நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. மகள் அவர் வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டுச் சொன்னாள்: "தை அமாவாசைக்கு வருவோம், தாத்தா."