மழை ராத்திரியில் 46-ம் சங்கீதம்

மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு மழை ஒரு விஷயமே இல்லை. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவோம், அவ்வளவுதான். எனக்கு மழை மேல் பயம் வந்தது 2020 ஆகஸ்ட் 6 ராத்திரிக்குப் பிறகு. அன்றைக்கு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. 70 பேர். எல்லாம் எங்களைப் போலத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்கள். பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுதான் பூர்வீகம். கரண்டும் இல்லை, போனும் இல்லை; விடிந்த பிறகுதான் சேதியே வெளியே வந்தது. போகிற வழியில் பெரியவரைப் பாலமும் போயிருந்ததால் மீட்க வந்தவர்கள் போய்ச் சேரவும் தாமதம்.

எங்கள் எஸ்டேட் வேறு மலையில். ஆனால் லயம் என்றால் எங்கேயும் ஒரே மாதிரிதானே. பின்பக்கம் ஏறிப்போகிற மலை, பக்கத்தில் ஓடை, மேலே தகரம். டிவியில் காட்டியது எங்கள் வீடு மாதிரியே இருந்தது.

அந்த வருஷம் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். வீட்டில் நானும் பிள்ளைகளும் அத்தையும். தகரத்தில் மழை பலத்ததும் கை சில்லிட்டு நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் ஷூவும் மாட்டியே படுக்கவைப்பேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஓடையைப் பார்ப்பேன். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும் சரி, மழை கொட்டும்போதே வரத்து குறைந்தாலும் சரி, மேலே எங்கேயோ மண் நகர்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பார்த்துவிட்டு வந்து படுப்பேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்து போவேன். காலையில் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும்போது நின்றபடியே கண் சொருகும்.

சபைக்குப் போனால் அது வேறு கஷ்டம். நாங்கள் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. "கர்த்தர் நம்ம லயத்தை அதிசயமாக் காத்தார்" என்று சாட்சி சொல்வார்கள், எல்லோரும் ஆமென் போடுவார்கள். எனக்கு மட்டும் ஆமென் வராது. பெட்டிமுடியிலும் குடும்ப ஜெபம் முடித்துப் படுத்தவர்கள் இருந்திருப்பார்களே? ஒரு கன்வென்ஷனில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று மைக்கில் அடித்துச் சொன்னார். அந்தப் பேச்சின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை கிடையாது. மழைக்குப் பயந்தவளை நரகத்துக்கும் சேர்த்துப் பயப்பட வைத்ததுதான் மிச்சம்.

மாற்றம் வந்தது எங்கள் சபை ஊழியரான உபதேசியார் வீட்டம்மாவால். நாங்கள் பெரியம்மா என்போம். பெட்டிமுடியில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள். ஒரு மழைச் சாயங்காலம் கம்பளியோடு வந்து, "இன்னிக்கு இங்கதான் படுக்கப் போறேன், கஞ்சி இருந்தா குடு" என்றார்கள். புத்தி சொல்லவில்லை. நான் டார்ச் எடுத்தபோது கூடவே வந்தார்கள். ஓடையைக் குனிந்து பார்த்துவிட்டு, "தெளிவாத்தான் ஓடுது, வா" என்றார்கள்.

அன்றைக்கு பைபிளில் மாற்கு 4-ம் அதிகாரம் வாசித்தோம். புயலில் படகு நிரம்புகிறது, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பிக் கேட்கிறார்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" பெரியம்மா அங்கேயே நிறுத்தினார்கள். "இதையே நீயும் கேளு புள்ள. கேட்டவங்களை அவர் தண்ணிக்குள்ள தள்ளி விடலியே." நான் கேட்டேன். ஜெபம் மாதிரியே இல்லை, சண்டை மாதிரி இருந்தது. ஆனால் பல மாதத்துக்குப் பிறகு மனசில் இருந்ததையே வாயும் சொன்னது அன்றைக்குத்தான். இன்னொன்றும் கவனித்தேன். மாற்கு எழுதியிருக்கிறபடி, முதலில் காற்றை அதட்டுகிறார். ஏன் பயந்தீர்கள் என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு. பிரசங்கியார் அதைத் தலைகீழாகச் செய்திருந்தார்.

அடுத்தது அதே பைபிளில் சங்கீதப் புத்தகத்தின் 46-ம் பாட்டு, 46-ம் சங்கீதம். எங்கள் வீடுகளில் பயத்துக்கென்று வாசிப்பது 91-தான். "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." அந்த வரி வந்தாலே எனக்குப் பெட்டிமுடி ஞாபகம் வந்துவிடும், மேலே வாசிக்க முடியாது. 46 அப்படி இல்லை. "மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்" என்று ரெண்டாம் வசனத்திலேயே மலை விழுகிறது. விழாது என்று ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. "நாம் பயப்படோம்" என்பதற்கு முன்னால் எது எதற்கெல்லாம் பயப்படலாமோ அதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறது.

அந்தச் சங்கீதத்தின் தலைப்பில் கோராகின் புத்திரர் என்று இருக்கும். யார் இவர்கள் என்று உபதேசியாரிடம் கேட்டேன். எண்ணாகமம் 16-ம் அதிகாரத்தைக் காட்டினார். மோசேக்கு விரோதமாக எழும்பிய கோராகு, பூமி வாயைத் திறந்து விழுங்கியவர்களின் தலைவன். 26-ம் அதிகாரத்தில் ஒரே வரி: "கோராகின் குமாரரோ சாகவில்லை." அந்த வம்சத்தின் பேரில்தான் இந்தப் பாட்டு இருக்கிறது. குடும்பத்தை மண் தின்ற கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் பாடுகிறார்கள், பூமி நிலைமாறினாலும் பயப்படோம் என்று. (கோராகுக்கு வந்தது தண்டனை. பெட்டிமுடிக்காரர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் என் வீட்டுக்கு வர வேண்டாம்.) பெரியம்மா ஏன் மற்ற சங்கீதங்களை விட்டு இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. வெளியே நின்று ஆறுதல் சொல்கிறவர்களின் பாட்டு இல்லை இது.

ஒரே நாளில் எதுவும் போகவில்லை. தூக்கமில்லாமல் உடம்பு மோசமானதும் ஆஸ்பத்திரியில் கவுன்சிலரைப் பார்த்தேன். அது அவிசுவாசம் என்று சபையில் ரெண்டு பேர் சொன்னார்கள், விட்டுவிட்டேன். கவுன்சிலர் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லிக்கொடுத்தார். இழுக்கும்போது "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்", விடும்போது "ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்" என்று நான் சேர்த்துக்கொண்டேன். வசனமே அதற்கு அளவாக இருக்கிறது. ஓடையைப் படுப்பதற்கு முன் ஒரு தரம் மட்டும், பக்கத்து வீட்டு அக்காவோடு போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அப்படியும் நடுராத்திரியில் கால் தானாக வாசலுக்குப் போகும். சில நாள் போயும்விடும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இதைப் பேசினோம். மழை அதிகமான ராத்திரிகளில் தனியாக இருக்கிறவர்கள் ஒரே வீட்டில் கூடுவது, பாடுவது, கட்டன் சாயா போட்டுக் குடிப்பது. மழை அலர்ட் கணக்கையும் படித்துக்கொண்டோம்: 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை எதிர்பார்த்தால் ஆரஞ்சு, அதற்கு மேல் ரெட். ரெட் என்றால் யாரையும் கேட்காமல், இருட்டுவதற்கு முன் ஸ்கூல் முகாமுக்குப் போய்விடுவது. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சர்டிபிகேட், அத்தையின் பிரஷர் மாத்திரை எல்லாம் ஒரே பையில். விசுவாசிக்கு எதற்கு முகாம் என்று கேட்பவர்களுக்குப் பெரியம்மாவே பதில் சொல்வார்கள்: "யோசேப்பு ராத்திரியோட ராத்திரியா குழந்தை இயேசுவைத் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடலியா?"

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு. அங்கேயும் லயங்கள், அங்கேயும் ராத்திரி. எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்த மாதிரி இருந்தது, மறுபடியும் பிள்ளைகளுக்கு ஷூ மாட்டினேன். இந்தத் தடவை பெரியம்மா வருவதற்கு முன் நானே கம்பளியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர்களும் தூங்கவில்லை. ரெண்டு பேருமாக 46-ஐச் சொன்னோம். மலை வரியில் அவர்கள் குரல் உடைந்தது, மீதியை நான் சொன்னேன்.

இப்போது சாதாரண மழைக்குத் தூங்கிவிடுகிறேன். கேப் ரோட்டில் பஸ் போகும்போது மேலேயிருந்து ஒரு கல் உருண்டால் மட்டும் பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பிடித்துவிடுகிறேன். கவுன்சிலர் அதற்கும் வரச் சொல்லியிருக்கிறார். கொழுந்து சீசன் முடியட்டும், நானும் கூட வருகிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார்கள்.