கூடுவாஞ்சேரியில் பழைய ஜேசிபி வாங்கி என் பெயருக்கு மாற்றிய கதை

பழைய ஜேசிபி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் மனை சுத்தம் செய்வது, அஸ்திவாரக் குழி எடுப்பது, செப்டிக் டேங்க் தோண்டுவது எல்லாம் வாடகை வண்டி வைத்துச் செய்துகொண்டிருந்தேன். தை பிறந்து வேலை சூடு பிடித்துவிட்டால் வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு மணி நேர வேலைக்கு மினிமம் என்று சொல்லி மூன்று மணி நேரக் காசு வாங்குவார்கள், அதை வீடு கட்டுகிறவரிடம் கேட்கவும் முடியாது. சொந்தமாக ஒன்று இருந்தால்தான் தொழில் நிற்கும் என்று முடிவு செய்தேன். ஜேசிபியில் 3டிஎக்ஸ் என்கிற மாடல் புதிதாக வாங்கினால் 30 லட்சத்தைத் தாண்டிவிடும், அது என் கைக்கு எட்டாது.

ஐப்பசி, கார்த்திகையில் தேடுவதுதான் நல்லது. மழையில் மண் வேலை நின்று வண்டி சும்மா நிற்கும், தவணை மட்டும் நிற்காது, அதனால் விற்கிறவர் பேச்சுக்கு வருவார். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பை, ஒரகடம் வரை போனாலே காலி மனைகளிலும் ஹோஸ் கடை வாசலிலும் கண்ணாடியில் போன் நம்பர் எழுதிய வண்டிகள் நிற்கும். தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரர்கள் சீஸ் செய்த (பிடுங்கி வைத்த) வண்டிகள் நிற்கும் யார்டும் உண்டு, விலை குறைவாக இருக்கும். ஆனால் அங்கே 'இருக்கிற இடத்தில் இருக்கிற நிலையில்' என்றுதான் விற்பார்கள், மண்ணில் இறக்கி ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கர்நாடகப் பதிவு வண்டி ஒன்றும் நல்ல விலைக்கு வந்தது. அதற்கு அந்த ஊர் ஆர்டிஓவில் படிவம் 28 போட்டு என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்கிற சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

2021 ஏப்ரலுக்கு முன் வந்த மாடல்தான் வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தேன். அப்போதுதான் கட்டுமான வண்டிகளுக்கு ஸ்டேஜ் 4 புகை விதி வந்தது. அதன்பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் எலக்ட்ரானிக் சமாச்சாரம் அதிகம், நம் லோக்கல் மெக்கானிக் ஸ்பானரோடு வந்து பார்த்துவிட்டுப் போகிற வேலை இல்லை. கடைசியில் கூடுவாஞ்சேரியிலேயே 2018 மாடல் ஒன்று அமைந்தது. ஒரே உரிமையாளர், சொன்ன விலை பதினாறரை லட்சம்.

பார்க்கப் போகும்போது ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புரோக்கர் அனுப்புகிறவர் இல்லை, உங்களுக்கு வேலை செய்கிறவர். முந்தின நாளே போன் செய்து "காலையில வர்றோம்ணே, வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லிவிட வேண்டும், போனதும் என்ஜின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்த இடத்தில் நாங்கள் பேச்சையே எடுக்கவில்லை. குளிர்ந்த என்ஜின் ஒரே கிராங்கில் பிடிக்கிறதா, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது, ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்றும் புகையும் வருகிறதா, இதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

மீட்டர் 4,200 மணி நேரம் காட்டியது. வருஷத்துக்கு 200 நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்று குறைத்துப் போட்டாலே 1,400, அப்படியென்றால் மூன்று வருஷ ஓட்டம்தான். ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது, லீவர் குமிழில் இருந்த படமே அழிந்துவிட்டது. சர்வீஸ் பில் கேட்டோம். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய மீட்டர் அளவு எழுதியிருக்கும். கடைசிப் பில்லில் 7,000க்கு மேல் இருந்தது. மீட்டர் நடுவில் மாற்றியது என்று அவரே ஒத்துக்கொண்டார், பில்லையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே மேற்கொண்டு பேசினோம்.

அப்புறம் வேலை செய்து பார்த்தோம். முன் பக்கெட்டில் மண்ணை அள்ளி உயரத் தூக்கி, கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். தானாக இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போய்விட்டது என்று அர்த்தம். இறங்கவில்லை. பின்பக்கம்தான் பிரச்சினை. தோண்டுகிற கையை, அதாவது பூமை, இடம் வலம் திருப்பி நிறுத்தும்போது ஒரு 'டொக்'. "அண்ணே, சத்தம் கேக்குதா? கிங்போஸ்ட் புஷ் போயிருக்கு" என்று ஆபரேட்டர் இறங்கி வந்து, பூம் திரும்புகிற மூட்டைக் காட்டினார். அதற்குள் இருக்கிற வளையம்தான் புஷ். பக்கெட்டை ஒருவர் ஆட்ட, நான் மூட்டைக் கோக்கிற இரும்பு ஆணிக்குப் பக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், நன்றாகவே ஆட்டம் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் பெயிண்ட் புதிதாக இருந்ததால் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினோம், வெல்டிங் வைத்த தடம் இல்லை, நிம்மதி. வெல்டிங் இருந்திருந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் எடுத்திருக்க மாட்டேன். கடைசியாக வண்டி நன்றாகச் சூடான பிறகு ஏற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டினோம், கியர்பாக்ஸ் வழுக்கினால் சூட்டில்தான் வழுக்கும். புஷ் வேலைக்கும் ஒரு பின் டயருக்கும் கழித்து பதினாலே முக்கால் லட்சத்தில் முடிந்தது.

என்னை உண்மையில் அலைய வைத்தது காகிதம்தான். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் ஏறியிருந்தது, கொஞ்சம் பாக்கி இருந்தது. அட்வான்ஸ் சிறு தொகை கொடுத்து முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம். கடன் பாக்கியை அவர் கையில் கொடுக்காமல், நிறுவனத்திடம் முடிப்புத் தொகைக் கடிதம் வாங்கி, அவருடைய கடன் கணக்கிலேயே நேராகக் கட்டினேன். மிச்சப் பணம் என்ஓசியும், ஆர்சியிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்க அவர்கள் முத்திரை வைத்த படிவம் 35ம் கைக்கு வந்த பிறகு என்று பேச்சு.

கட்டி முடித்த பிறகு என்ஓசி தர மறுத்துவிட்டார்கள். விற்றவர் தன் மச்சானின் டிப்பர் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறார், அதில் தவணை நிலுவை, அதை முடித்தால்தான் இதற்குத் தருவோம் என்றார்கள். இந்த வண்டிக்கு ஒரு ரூபாய் பாக்கி இல்லை, ஆனாலும் இழுத்தடித்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, கடிதம் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! மிச்சப் பணம் என்னிடம் இருந்ததால்தான் விற்றவரே மச்சானை உட்கார வைத்துப் பேசி நிலுவையைக் கட்ட வைத்தார். நீங்கள் வாங்கும்போது முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்: "அதே இடத்துல வேற கடன் இருக்காண்ணே? யாருக்காச்சும் ஜாமீன் போட்டிருக்கீங்களா?" வாய் வார்த்தையோடு விடாமல் ஃபைனான்ஸ் கிளையிலும் விசாரியுங்கள்.

அதற்குப் பிறகு சிக்கல் இல்லை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, அதோடு 35, சேஸிஸ் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி, காப்பீடு, இருவரின் அடையாளச் சான்று. இரண்டு பேருமே செங்கல்பட்டு ஆர்டிஓ எல்லை என்பதால் அலைச்சல் குறைவு. என்ஓசிக்குக் காலக்கெடு உண்டு, தேதியைப் பார்த்து அதற்குள் போட்டுவிட வேண்டும். ஆர்சி ஸ்பீடு போஸ்ட்டில் வீட்டுக்கே வந்தது.

காப்பீட்டையும் மறக்காதீர்கள். கைமாறிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு, இந்த மாதிரி வண்டி வேலை செய்யும்போது கவிழ்ந்தால் ஆகும் சேதத்துக்குத் தனி பிரீமியம் கட்டியிருந்தால்தான் பணம் கிடைக்கும். பழைய பாலிசியில் அது இல்லை. ஏரிக்கரை ஓரம், இளகின மண் என்று எங்கேயும் இறக்குகிற வண்டி இது, அதனால் நான் உடனே சேர்த்துவிட்டேன். புஷ் மாற்றியாயிற்று, பின் டயர் தைக்குள் போட வேண்டும்.